ஆஃப் ஒயிட் உரைவளம்

பாயிரம்

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் செலவு வீட்டுக்காரருடையதா, குடியிருந்தவருடையதா என்னும் வினா வளைகுடாத் தமிழர்களிடையே மூன்று காலங்களில் மட்டுமே எழும்: வீடு மாறும்போது, வேலை மாறும்போது, விசா முடியும்போது. மூன்றிலும் அவர்களுக்கு ஆராய நேரமிராது. நேரமிருக்கும் ஏனைய நாட்களில் வினா எழாது. இக்காரணத்தால் இத்துறை இன்றுவரை அறிஞரின்றித் தரிசாகக் கிடக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய பூக்களை ஆராய்ந்தவர் பலர். ஏசி கிரில்லைச் சுற்றிப் படியும் கறுப்பு வளையத்தை ஆராய்ந்தவர் எவருமிலர். அக்குறை தீர்க்கவே இவ்வுரை.

நூலுக்கு எல்லை கூறுதல் பாயிர மரபு. இவ்வாய்வின் எல்லை வடக்கே அல் நஹ்தா, தெற்கே டிஸ்கவரி கார்டன்ஸ், மேற்கே பர் துபாய், கிழக்கே இன்டர்நேஷனல் சிட்டி. நடுவே கராமாவும் குசைஸும். பாம் ஜுமைராவும் மரினாவும் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அங்கே குடியிருப்போர் சுவரைப் பார்ப்பதில்லை, கடலைப் பார்க்கிறார்கள். கேட்போர் யாரெனின், டெபாசிட் கட்டியவர். பயன் யாதெனின், டெபாசிட்.

வினா பழமையானதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்ணெய்க்கு முந்தைய துபாயில் எளியவர்கள் இருந்தது 'அரீஷ்' எனப்படும் பேரீச்ச மட்டை வீடுகளில். வசதியுள்ள வணிகர்கள் பவழக்கல்லும் ஜிப்சமும் சேர்த்துக் காற்றுக்கோபுரத்தோடு கட்டிக்கொண்டார்கள். க்ரீக் ஓரம் அல் ஃபஹீதி வட்டாரத்தில் அவ்வகை வீடுகளை இன்றும் பார்க்கலாம். மட்டை வீட்டில் ஆணி அடிக்க முடியாது, ஸ்டிக்கர் ஒட்டாது, ஆஃப் ஒயிட் பூச முடியாது. மட்டை காய்ந்து உதிர்ந்தால் வேறு மட்டை. சுவர்த் தகராறு சிமென்டோடு வந்தது.

நூற்பா

துபாயில் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான உறவை வகுப்பது 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம். 2008இல் 33ஆம் எண் சட்டம் அதைத் திருத்தியது. அதன் 21ஆம் பிரிவே நமக்கு மூலபாடம். சட்டமொழி மனத்தில் நிற்பதில்லை என்பதால், அதன் கருத்தை நூற்பாவாக யாத்துத் தருகிறோம்:

பெற்ற பொழுதிற் பெற்றியின் மீட்டும்
ஒப்படைத் திடுதல் குடியிருப் போன்கடன்
இயல்புறு தேய்வும் ஆற்றலின் இகந்தவும்
விலக்கென மொழிப விதியுணர்ந் தோரே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், வீட்டை எந்த நிலையில் பெற்றாரோ அந்த நிலையிலேயே குடியிருந்தவர் திருப்பித் தரவேண்டும் என்பதும், இயல்பான தேய்மானமும் அவர் கைமீறி நேர்ந்த சேதமும் அதற்கு விலக்கு என்பதும் உணர்த்துதல் நுதலிற்று. இவ்வளவே. பெயின்ட் என்ற சொல்லே இதில் இல்லை. மூலத்தில் இல்லாத இடத்தில்தான் உரை பெருகும்; தொல்காப்பியத்துக்கு நேர்ந்தது கராமா சுவருக்கும் நேர்ந்தது.

உரைகாரர் மூவர். முதலாவது வீட்டார் உரை. இது முதலிரண்டு அடிகளோடு நின்றுவிடும். "நான் கொடுக்கும்போது புதுப் பெயின்ட் அடிச்சுக் கொடுத்தேன், நீ போகும்போதும் அப்படியே கொடு" என்பது இதன் சாரம். மூன்றாம் அடியை இவ்வுரைகாரர்கள் இடைச்செருகல் என்று தள்ளிவிடுகிறார்கள் போலும். இவ்வுரையைக் கடைசிவரை கொண்டுசென்றால், ஐந்தாண்டு குடியிருந்தவர் ஐந்தாண்டு இளமையான வீட்டைத் திருப்பித் தரவேண்டும். லிஃப்டையும் இளமையாக்க வேண்டும். வீட்டார் உரை அவ்வளவு தூரம் போவதில்லை. பெயின்ட் அடிக்க ஆகும் செலவோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது குடியார் உரை. இது மூன்றாம் அடியில் தொடங்கி மூன்றாம் அடியிலேயே முடிகிறது. இதன்படி எல்லாமே இயல்பான தேய்மானம். சோபா உரசியது இயல்பு, ஐம்பத்தைந்து அங்குல டிவிக்குப் போட்ட பிராக்கெட் இயல்பு, ஹால் நெடுகக் கிரேயானில் ஓடும் மெட்ரோ ரயிலும் இயல்பு; "புள்ளைங்க இருக்கற வீடுங்க" என்பார்கள். நடுநிலையாளன் என்ற முறையில் சொல்கிறேன்: ரயில் தேய்மானம் ஆகாது. நிலையங்களுக்குப் பெயர் வேறு எழுதியிருந்தால் ஒருபோதும் ஆகாது.

மூன்றாவது நாத்தூர் உரை. வளைகுடாக் கட்டடங்களில் வாட்ச்மேனை நாத்தூர் என்பர். நூற்பாவை இவர் வாசித்தவரல்லர்; ஆயினும் மூவரில் தீர்ப்பு எழுதுபவர் இவரே. இவருடைய ஆய்வுமுறை நுட்பமானது. சாமானெல்லாம் போனபின், எதிரொலிக்கும் காலி ஹாலுக்குள் நுழைகிறார். டியூப்லைட்டைப் போடுவதில்லை. செல்போன் டார்ச்சை எரியவிட்டு, அதைச் சுவரோடு சுவராக, கன்னத்தை ஒட்டிப் பிடிப்பதுபோல், பக்கவாட்டில் வைக்கிறார். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாத சுவரில் அந்தச் சாய்ந்த வெளிச்சம் பட்டதும் எல்லாம் எழுந்து நிற்கிறது: அடைத்த ஓட்டை, தேய்த்த பட்டி, துடைத்த இடம், துடைக்க மறந்த இடம். பழங்கல்வெட்டு படிப்பவர்கள் தேய்ந்த எழுத்தைக் காண இதே உத்தியைக் கையாள்கிறார்கள். நாத்தூர் அதை எந்தக் கல்வெட்டியல் வகுப்பிலும் கற்கவில்லை.

"சாரே, இது எந்தா?"

"அது நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு, சேட்டா."

"போட்டோ உண்டோ?"

போட்டோ இருக்காது. குடிவந்த அன்று எடுத்த போட்டோக்களில் பால் காய்ச்சிய பாத்திரம் இருக்கும், பாயசம் இருக்கும், புது வீட்டைக் காட்டி மாமியாருக்கு அனுப்பிய பால்கனி இருக்கும். சுவர் இருக்கும், ஆனால் அதன் முன்னால் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

புறனடை

நூற்பாவின் மூன்றாம் அடி தொல்லாசிரியர்கள் 'புறனடை' என்னும் இனத்தைச் சேர்ந்தது. விதிக்குள் அடங்காதவற்றைக் காக்க வைத்த வாசல். எது இயல்பான தேய்மானம் என்பதைப் பிரிவு சொல்லவில்லை. தகராறு வந்தால் தீர்ப்பாயம் சொல்லும் என்று விட்டுவிடுகிறது. ஆகவே வளைகுடாச் சுவர் எப்படித் தேய்கிறது என்பதை ஆய்வாளன்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை சன்னல் திறக்கப்படுவதில்லை. திறந்தால் வெக்கை; வெக்கை இல்லாத நாளில் மணல். உள்ளே இரவும் பகலும் ஏசி ஓடும். அது ஊதும் காற்றில் கலந்த தூசி கிரில்லின் விளிம்பில் படிந்து, ஓராண்டில் கறுப்பு வளையமாகிறது, இரண்டாம் ஆண்டில் அது சீலிங்கில் பரவுகிறது. துடைத்தால் பெயின்டோடு வரும். துடைக்காவிட்டால் நாத்தூர் டார்ச்சோடு வருவார். வளையத்தைக் குடியிருப்பவர் உண்டாக்கினாரா? அவர் செய்ததெல்லாம் மூச்சு விட்டதுதான். ஏசி அவருடையதன்று. டக்ட் அவருடையதன்று. அதற்குள் கிடக்கும் தூசி, அவருக்கு முன்னிருந்த மூன்று குடும்பங்களின் பொதுச்சொத்து. இதில் இவ்வாய்வாளனுக்கு ஐயமே இல்லை: வளையம் வீட்டுக்காரருடையது.

அடுப்படிச் சுவர் அவ்வளவு எளிதன்று. தினமும் கடுகு வெடிக்கும் சுவரும், முட்டை வேகும் சுவரும் ஒரே வேகத்தில் மஞ்சளாவதில்லை. சன்னல் மூடிய வீட்டில், சிம்னி என்ற பெயரில் சத்தம் மட்டும் போடும் ஒரு கருவியின் கீழ், ஆண்டுக்கணக்கில் மீன் பொரித்தால் டைல்ஸுக்கு மேலே உள்ள பட்டையில் ஒரு பிசுக்கு ஏறும். விரலால் தொட்டால் ரேகை பதியும். இதை வீட்டார் உரை சேதம் என்கிறது. ஆனால் அடுப்படி என்று ஒப்பந்தத்தில் எழுதி, வாடகையும் வாங்கிவிட்டு, அங்கே சமைத்தது குற்றம் என்பது எப்படிச் செல்லும்? சமைக்கும் இடத்தில் சமைத்தல் இயல்பு. வேண்டுமானால் பிசுக்கைத் துடைக்கும் கடமை சமைத்தவருக்கு, துடைத்தும் போகாத மஞ்சளுக்கு வீட்டுக்காரர் என்று பாகம் பிரிக்கலாம்.

ஆகஸ்ட் மாதம் தனி அதிகாரமாக எழுதத்தக்கது. பள்ளி விடுமுறைக்குக் குடும்பம் ஊருக்குப் போகிறது. ஏசியை ஓடவிட்டுப் போனால் யாருமில்லாத வீட்டைக் குளிரவைத்த குற்றத்துக்கு பில் வரும். அணைத்துவிட்டுப் போனால் நாற்பது நாள் புழுக்கத்தில் அலமாரிக்குப் பின்சுவரில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை பூக்கும், கூடவே தோல் செருப்பும் பெல்ட்டும் பூக்கும். குடியார் உரை இதை 'ஆற்றலின் இகந்தவை'யில் சேர்க்கிறது. வீட்டார் உரை "ஏசியை இருபத்தெட்டில் வெச்சிட்டுப் போயிருக்கலாம்ல" என்கிறது. இந்த ஒன்றில் வீட்டார் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஆற்றலின் இகந்தவைக்குப் பழுதற்ற எடுத்துக்காட்டு 2024 ஏப்ரல் 16. அன்று பெய்த மழை, 1949இல் தொடங்கிய பதிவுகளிலேயே ஐக்கிய அரபு அமீரகம் கண்டிராதது. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாடியில் தேங்கிய நீர் சீலிங் வழியே இறங்கி, சுவரில் தேநீர் நிறத்தில் வரைபடங்கள் வரைந்தது. எமார் நிறுவனம் தன் குடியிருப்புகளில் ஏற்பட்ட சேதங்களைத் தன் செலவிலேயே சரிசெய்வதாக அறிவித்தது. அந்த மாதம் வீடு காலி செய்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பழைய கறையையெல்லாம் மழைக் கணக்கில் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

இனி ஓட்டைகள். ஓட்டையை அடைக்கப் பற்பசை பயன்படுத்தும் வழக்கம் பேச்சிலர் அறைகளில் வேரூன்றியது. வெள்ளைப் பற்பசையை விரல் நுனியில் எடுத்து, துளைக்குள் திணித்து, பழைய மெட்ரோ கார்டால் வழித்துவிட வேண்டும். ஜெல் வகை ஆகாது; நீல ஓட்டை இரண்டு மடங்கு தெரியும். ஆணியே வேண்டாம் என்று ஒட்டுக் கொக்கிகளுக்கு மாறியவர்கள் கூடுதலாக இழந்தார்கள். கழற்றும்போது கொக்கி தனியே வருவதில்லை, உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வருகிறது.

பெயின்ட் உரிந்த இடத்தில் டச்சப் செய்யப்போனால் இத்துறையின் மிகப்பெரிய புதிரைச் சந்திக்கிறோம். சத்வாவில் பெயின்ட் கடைக்குப் போய் ஆஃப் ஒயிட் ஒரு டப்பா வாங்குகிறோம். மூடியில் சொட்டு வைத்துக் காட்டும்போது அதே நிறம். சுவரில் தடவிக் காய்ந்ததும் வேறு நிறம். டப்பாவில் இருப்பது இன்று பிறந்த ஆஃப் ஒயிட். சுவரில் இருப்பது நான்காண்டு சாம்பார் குடித்த ஆஃப் ஒயிட். கையளவு கறை இருந்த இடத்தில் இப்போது முழங்கை அளவு வெளுப்பு இருக்கிறது. அதை மறைக்க அந்தச் சுவரையே அடிக்கிறோம். அடித்ததும் பக்கத்துச் சுவர் அழுக்காகத் தெரிகிறது. மறுநாள் மாலைக்குள் ஹால் முழுவதையும் சொந்தச் செலவில் அடித்து முடித்துவிட்டு, "ஒண்ணும் செய்யாம விட்டிருந்தா தெரிஞ்சிருக்காதுல்ல?" என்ற மனைவியின் கேள்விக்கு விடையின்றி நிற்கிறோம். கறையைக் காட்டிக்கொடுப்பது கறை அன்று, டச்சப்.

பிறநாட்டு உரைகள்

மூத்த நூலிலிருந்து தொடங்குவோம். பைபிளின் லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ படை தோன்றினால் வீட்டுக்காரர் ஆசாரியரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆசாரியர் வருமுன் வீட்டைக் காலி செய்து வைக்க வேண்டும். அவர் பார்த்துவிட்டு ஏழு நாள் பூட்டி வைப்பார். படை பரவியிருந்தால் கற்களைப் பெயர்த்து, சுரண்டி, புதிய சாந்து பூச வேண்டும். காலி வீடு, பரிசோதகர், பூசுவேலை என எல்லாம் இருக்கின்றன. டெபாசிட் மட்டும் இல்லை. மனிதகுலம் அதற்குள் அவ்வளவு முன்னேறவில்லை.

ஜெர்மானியர் இதில் பெரும்புலவர்கள். கார்ல்ஸ்ரூவேயில் உள்ள அவர்களின் மத்திய உச்ச நீதிமன்றம், வெள்ளையாகப் பெற்ற வீட்டைச் சிவப்பு, மஞ்சள், நீலமாகத் திருப்பிக் கொடுத்த குடித்தனக்காரர் நஷ்டஈடு தரவேண்டும் என்று 2013இல் சொன்னது. 2015இல், பழைய பெயின்டோடு வீட்டைப் பெற்றவர்மேல், ஈடு ஏதும் தராமல் பெயின்ட் கடமையைச் சுமத்தும் ஒப்பந்த வரி செல்லாது என்றது. 2020இல் இன்னும் நுண்மைக்குப் போனது: அப்படிப்பட்ட பழைய வீடு நாளடைவில் மோசமானால் பெயின்ட் அடிக்கச் சொல்லி வீட்டுக்காரரைக் கேட்கலாம்; ஆனால் வீடு பெற்றதைவிட நன்றாகிவிடும் என்பதால், குடியிருப்பவரும் பொதுவாகப் பாதிச் செலவைத் தரவேண்டும். பாதிப்பாதி என்னும் இம்முடிவை நம்மூர்ப் பஞ்சாயத்துகள் அரைமணி நேரத்தில் எட்டிவிடும். ஆனால் அதற்கு வழக்கு எண் இராது.

நியூயார்க் நகரம் உரையே எழுதவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மூன்றாண்டுக்கு ஒருமுறை வீட்டுக்காரர் பெயின்ட் அடித்தாக வேண்டும் என்று விதியை எழுதிவிட்டது. இவ்வளவு தெளிவு ஆய்வாளர்களின் பிழைப்பைக் கெடுக்கும்.

நான் தலைவணங்குவது கீழைச் சம்பிரதாயத்துக்கு. ஜப்பானின் அமைச்சக வழிகாட்டி நெறி சுவர்க்காகிதத்துக்கு ஆறாண்டு ஆயுள் குறித்திருக்கிறது. ஆறாண்டு முடிந்தால் அதன் மதிப்பு ஒரு யென். குண்டூசி, காலண்டர் மாட்டும் சிறு முள் இவற்றின் துளை இயல்பான தேய்மானம். ஆணியும் ஸ்க்ரூவும் சென்ற துளை குடியிருந்தவர் பொறுப்பு. ஃப்ரிட்ஜுக்கும் டிவிக்கும் பின்னால் சுவரில் படியும் கறுப்பு வீட்டுக்காரருடையது. சிகரெட் மஞ்சள் புகைத்தவருடையது. இதைப் படித்தபோது, ஒரு துளையின் விட்டத்தில் நீதி இருக்கக்கூடும் என்று முதன்முறையாகத் தோன்றியது. இந்த ஆறாண்டுக் கணக்கைத் துபாய்க்குக் கொண்டுவந்தால் பாதிச் சண்டை ஓயும். மூன்றாண்டு இருந்தவர் தன் கையால் கெடுத்திருந்தால்கூட மிச்ச ஆயுளுக்கு மட்டும் பொறுப்பு, பாதிப் பெயின்ட். ஆறாண்டு இருந்தவரிடம் பெயின்ட் காசு பிடிப்பது, இறந்தவருக்கு மருத்துவச் செலவு எழுதுவது.

அண்டை நாடுகளையும் அண்டை அமீரகத்தையும் விரைந்து கடப்போம். குவைத்துக்கு 1978இன் 35ஆம் எண் சட்டம், கத்தாருக்கு 2008இன் 4ஆம் எண் சட்டம், பஹ்ரைனுக்கு 2014இன் 27ஆம் எண் சட்டம், அபுதாபிக்கு 2006இன் 20ஆம் எண் சட்டம். நூல் நான்காயினும் நாத்தூரின் டார்ச் ஒன்றே.

மரபியல்

அதே துபாய்ச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வேறுவிதமாக ஒப்புக்கொள்ளப்படாதவரை பராமரிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு என்கிறது. 'வேறுவிதமாக ஒப்புக்கொள்ளப்படாதவரை' என்னும் சிறு துளைக்குள் ஸ்க்ரூ மட்டுமல்ல, லாரியே போகும். இஜாரி என்னும் அரசு வாடகைப் பதிவில் ஏறும் ஒப்பந்தத்தோடு 'அடெண்டம்' என்று இரண்டு பக்கம் இணைத்திருப்பார்கள். அதில் பதினேழாவதோ பதினெட்டாவதோ வரியாக, காலி செய்யும்போது பெயின்டிங் செலவும் டீப் கிளீனிங் செலவும் குடியிருப்பவருடையது என்றிருக்கும். அதில் கையெழுத்திடும்போது நாம் செக்குகளை எண்ணிக்கொண்டிருப்போம். நான்கு செக், ஏஜென்ட் கமிஷன், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தேவா டெபாசிட் என்று தலை சுற்றும் வேளையில் பதினெட்டாவது வரியைப் படித்த தமிழர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

அடெண்டமே இல்லாவிட்டாலும் 19ஆம் பிரிவு இருக்கிறது. ஒப்புக்கொண்ட புதுப்பிப்பு வேலைகளோடு, குடியிருப்பவர்கள் செய்வது வழக்கம் எனப்படும் வேலைகளையும் அது குடியிருப்பவர் தலையில் வைக்கிறது. வழக்கம் என்றால் எவ்வழக்கம்? பெயின்ட் காசு பிடிப்பது வழக்கம் ஆகிவிட்டது. ஏனெனில் எல்லோரும் பிடிக்கிறார்கள். எல்லோரும் ஏன் பிடிக்கிறார்கள்? அது வழக்கம். தொல்காப்பியர் மரபியலை ஏன் கடைசி இயலாக வைத்தார் என்பது இப்போது விளங்குகிறது.

உண்மையான விடை இவ்வுரைகள் எதிலும் இல்லை, 20ஆம் பிரிவில் இருக்கிறது. அதன்படி வீட்டுக்காரர் டெபாசிட் வாங்கலாம், முடிவில் அதையோ அதன் மிச்சத்தையோ திருப்பித் தரவேண்டும். ஃபர்னிச்சர் இல்லாத வீட்டுக்கு ஆண்டு வாடகையில் 5 சதவீதம் என்பது ஊர் வழக்கம். கணக்குக்காக வாடகை 60,000 திர்ஹம் என்று கொள்வோம். டெபாசிட் 3,000. பெயின்டிங்குக்கு என்று 1,500 பிடித்துக்கொண்டு மீதி தருகிறார்கள். 1,500ஐ மீட்க வழி இருக்கிறதா? இருக்கிறது. 2013இன் 26ஆம் எண் ஆணைப்படி அமைந்த வாடகைத் தகராறு தீர்வு மையத்துக்குப் போகலாம். குறைந்தபட்சக் கட்டணம் 500 திர்ஹம். ஆவணங்களை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து அரபியாக்க வேண்டும். அதற்குப் பக்கக் கணக்கில் காசு. ஆஃபீஸில் லீவு. வென்றால் செலவும் கிடைக்கக்கூடும். ஆனால் வழக்காட ஆள் வேண்டுமே? வீட்டைக் காலி செய்தவரில் பலர் நாட்டையும் காலி செய்தவர்கள். பெட்டியைக் கட்டி, கார்கோ போட்டு, விசா கேன்சலாகி, சனிக்கிழமை இரவு திருச்சி விமானத்துக்கு டிக்கெட் கையில் இருப்பவரிடம் வெள்ளிக்கிழமை மாலை 1,500 பிடிக்கிறோம் என்றால், அவர் எந்த உரையைச் சேர்ந்தவராயினும் சொல்வது "போகட்டும் விடுங்க" என்பதுதான். எவ்வளவு பிடித்தால் இந்தப் பதில் வரும் என்பது பிடிப்பவருக்குத் துல்லியமாகத் தெரியும். அதற்குமேல் பத்து திர்ஹம் கூட்டினால் ஆள் மொழிபெயர்ப்பாளரிடம் போய்விடுவார்.

பிடித்த காசு சுவருக்குப் போகிறதா என்பது துணை ஆய்வு. அடித்த அன்றே 'புதிதாகப் பெயின்ட் அடித்த வீடு' என்று விளம்பரம் வரும், அடுத்தவரிடம் வாடகை அதற்கேற்ப இருக்கும். ஒரே பூச்சுக்கு வெளியேறியவர் ஒருமுறையும் உள்ளே வந்தவர் ஒருமுறையும் கொடுத்திருக்கிறார்கள். வந்தவரின் அடெண்டத்தில் பதினெட்டாவது வரி காத்திருக்கிறது.

தேராவில் இன்னொரு அடுக்கு உண்டு. ஒருவர் பெயரில் வீடு, உள்ளே பிளைவுட் தடுப்புகள், தடுப்புக்குள் கட்டில்கள். பெயர் உள்ளவர் பெட்ஸ்பேஸ்காரர்களிடம் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார். காலி செய்பவரிடம் 'கட்டிலோரச் சுவர்' என்று ஐம்பது பிடிப்பார். துபாய் மாநகராட்சி 2025 ஜூனில் ரிக்கா, முரக்கபாத், பர்ஷா, சத்வா, ரஃபா பகுதிகளில் அனுமதியற்ற தடுப்புகளைக் களையத் தீவிரமாக இறங்கியபோது, தடுப்புகள் போன இடத்தில் ஸ்க்ரூ துளைகளின் வரிசைகள் மிஞ்சின. அவை யாருடையவை என்று கேட்டால் ஜப்பான் நெறியும் திணறும்.

கடல் கடந்த உரை

இதுவரை குடியார் உரையின் பக்கம் நான் சாய்ந்திருப்பது தெரிந்திருக்கும். மறைக்கவில்லை. சுவர் வீட்டுக்காரரின் முதலீடு, பெயின்ட் அதன் பராமரிப்பு, வாடகை அதற்கான வருமானம். கையால் கெடுத்ததைத் தவிர மற்றதெல்லாம் அவர் செலவு. ஆனால் இத்துணைத் தெளிவான கொள்கை ஏன் நம்மவரிடையே ஓர் இயக்கமாக எழவில்லை என்று தேடப்போனபோதுதான், இதுவரை எவரும் கவனிக்காத ஒரு தரவு கையில் சிக்கியது. துபாயில் குடியார் உரை பேசுபவர்களில் பலருக்குச் சென்னை மேடவாக்கத்திலோ மதுரை ஊமச்சிகுளத்திலோ ஒரு ஃப்ளாட் இருக்கிறது. வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் நிலையையும் குறித்தாக வேண்டும். 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய பேச்சு இன்னும் காற்றில் இருக்கிறது. 2021இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் வேலை என்று பட்டியலிடுகிறது. குழாய் வாஷர் மாற்றுவது, அடைப்பெடுப்பது போன்றவை குடியிருப்பவருக்கு. மூலபாடம் துபாயைவிடத் தெளிவு. வழக்கம் என்னவெனில், காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்குக் கழித்துக்கொள்ளப்படும். துபாயில் மாத வாடகையின் ஒரு பகுதி. சென்னையில் முழு மாதம். மேடவாக்கம் ஃப்ளாட்டில் ஏசியும் ஆகஸ்ட் பூஞ்சையும் கிடையாது. அங்கே சுவரைக் கெடுப்பது போர்வெல் உப்பும் மாடியில் விடுபட்ட வாட்டர்ப்ரூஃபிங்கும். இரண்டும் வீட்டுக்காரர் வைத்தவை.

ஆய்வின் கடைசிச் சான்று, குசைஸ் ஒற்றைப் படுக்கையறை வீடொன்றில், சாமான் ஏற்ற பிக்கப் கீழே நிற்கும் மாலையில் பதிவானது. குடும்பம் ஷார்ஜாவுக்குக் குடிபெயர்கிறது. போகும் வழியில் நேஷனல் பெயின்ட்ஸ் பாலத்தருகே டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் நிற்கப்போகிறது. பெயின்ட் தொழிற்சாலை ஒன்றின் பெயரை நெரிசலுக்குச் சூட்டிக்கொண்ட ஊர் அது. குடும்பத் தலைவர் நாத்தூரிடம் 21ஆம் பிரிவை, நூற்பாவாக அல்ல, உரைநடையில், இருமுறை சொல்லி முடித்திருக்கிறார். குரலில் கார்ல்ஸ்ரூவே நீதிபதியின் கனம். அப்போது போன் அடிக்கிறது. மேடவாக்கத்து புரோக்கர்.

"சார், டெனன்ட் இன்னிக்குச் சாவி கொடுத்துட்டாரு. நாலு வருஷம் இருந்துட்டாரு, சுவர்லாம் நல்லாத்தான் வெச்சிருக்காரு. அட்வான்ஸ் முழுசா கொடுத்துரலாமா?"

"பெயின்டிங்குக்கு ஒரு மாசம் கழிச்சுக்கிட்டுக் கொடுங்க."

மனைவி பால் குக்கரைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்கிறார்: "இப்பத்தானேங்க அந்தச் சேட்டன்கிட்ட அவ்வளவு பேசுனீங்க?"

"அது வேற, இது வேற."